சிறுநீர்ப்பையின் நோய் எதிர்ப்பு

சிறுநீர்ப் பாதை வழியாக ஏறிவரும் பாக்டீரியாவை, சிறுநீர்ப்பையின் உட்சுவரும் அங்கு வந்து சேரும் தடுப்பணுக்களும் எதிர்த்து வெளியேற்றும் முறையே சிறுநீர்ப்பையின் நோய் எதிர்ப்பு. நீர்க்கடுப்பு, அடிக்கடி முட்டுதல், அடிவயிற்று வலி என்று வரும் சிக்கலற்ற தொற்றுகளில் ஏறத்தாழ 75 சதவீதம், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகளால் நேர்பவை. மீதியில் கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், என்டரோகாக்கஸ் போன்றவை வரும். பெண்களின் சிறுநீர்ப் புறவழி சுமார் 4 செ.மீ. நீளமே இருப்பதால் ஏறிவருவது எளிது. பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருகிறது. வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு ஆறே மாதத்தில் திரும்பவும் வருகிறது. அப்படித் திரும்பி வந்தால் சுத்தக்குறைவு என்று அந்தப் பெண்ணையே குறைசொல்லும் வழக்கம் வீட்டிலும் உண்டு, மருத்துவமனையிலும் உண்டு. இந்த உறுப்பின் தடுப்பாற்றல் இயங்கும் விதம் தெரிந்தால் அந்தக் குறை பெரும்பாலும் நிற்காது.

முதல் தடை சிறுநீரின் ஓட்டமே. அதில் கரைந்துள்ள டாம்–ஹார்ஸ்ஃபால் புரதம் சிறுநீரகத்தில் சுரப்பது. நலமான ஒருவரின் சிறுநீரில் மிக அதிகமாக இருக்கும் புரதமும் இதுதான். ஈ.கோலையின் மேல் மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளின் நுனியில் ஃபிம்ஹெச் என்ற ஒட்டுப்புரதம் இருக்கிறது. சுவரில் உள்ள மேனோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொள்வது அதன் வேலை. டாம்–ஹார்ஸ்ஃபால் புரதத்திலும் அதே சர்க்கரை இருப்பதால், பாக்டீரியா சுவருக்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொண்டு சிறுநீரோடு போய்விடுகிறது. இதுதவிர, பாக்டீரியாவைத் துளைத்துக் கொல்லும் எல்.எல்.-37 போன்ற சிறுபுரதங்களும், அதற்கு இரும்புச்சத்து கிடைக்காமல் தடுக்கும் லிப்போகாலின்-2 புரதமும் உண்டு.

இவற்றைத் தாண்டிய பாக்டீரியா ‘குடைச் செல்’ எனப்படும் மேலடுக்குச் செல்களில் ஒட்டுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பும்போது சுவர் விரிவதற்காக, இந்தச் செல்களுக்குள் சவ்வுப் பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஈ.கோலை அந்தப் பைகளுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. செல் அதைக் கண்டுகொண்டால் பையோடு சேர்த்து வெளியே தள்ளிவிடும். பை கிழிந்து பாக்டீரியா செல்லின் உட்பகுதிக்குள் போய்விட்டால், சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்காகப் பெருகிச் செல்லையே நிரப்பிவிடும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹல்ட்கிரென் குழு எலிகளிடம் இத்தகைய கூட்டங்களைக் கண்டு 2003இல் வெளியிட்டது. பின்னர் நோயுற்ற பெண்களின் சிறுநீரிலும் அவை காணப்பட்டன. இந்நிலையில் சுவர் எடுக்கும் முடிவு கடுமையானது: பாதித்த குடைச் செல்கள் தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டு உதிர்ந்து சிறுநீரில் கலந்துவிடுகின்றன. பெருவாரியான பாக்டீரியா இப்படி வெளியேறும். ஆனால் அடியிலுள்ள இளஞ்செல்கள் திறந்து கிடப்பதால், தப்பிய சில பாக்டீரியாக்கள் அங்கே புகுந்து பெருகாமல் பதுங்குகின்றன. சிறுநீர்ச் சோதனை சுத்தமாக இருக்கும் நாட்களிலும் அவை அங்கே இருக்கக்கூடும்.

அபாய அறிவிப்பு டி.எல்.ஆர்.4 என்ற உணர்வியிலிருந்து தொடங்குகிறது. பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள கொழுப்புச் சர்க்கரையை அறிவது இது. ஸ்வீடனில் கேத்தரினா ஸ்வான்போரி குழுவினர் 1980களில் ஒரு வகை எலியை ஆராய்ந்தனர். அதன் சிறுநீர்ப்பாதையில் ஈ.கோலை புகுந்தால் அழற்சியும் எழவில்லை, தொற்றும் அகலவில்லை. அந்த எலிக்கு டி.எல்.ஆர்.4 மரபணு பழுதுபட்டிருந்தது என்பது 1998இல்தான் தெரிந்தது. உணர்வி வேலை செய்தால் சுவர்ச் செல்கள் இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவற்றைச் சுரக்கின்றன; நியூட்ரோபில் எனும் வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து திரண்டு வருகின்றன. சோதனைக்கூட அறிக்கையில் ‘பஸ் செல்’ (சீழணு) என்று எழுதித் தரும் எண்ணிக்கை இவற்றைத்தான் குறிக்கிறது.

இந்த வெள்ளணுக்கள் நினைத்தபடி சுவருக்குள் புகுந்துவிட முடியாது. ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு 2014இல் வெளியிட்ட விவரம் இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று. சிறுநீர்ப்பையிலேயே குடியிருக்கும் பெருவிழுங்கி எனும் தடுப்பணுக்கள் தொற்றை அறிந்து நியூட்ரோபில்களை அழைக்கின்றன. வந்தவை அடித்தளச் சவ்வின் இந்தப் பக்கமே நின்றுவிடும். இரத்தத்திலிருந்து வரும் இன்னொரு வகைப் பெருவிழுங்கி டி.என்.எஃப். என்ற சமிக்ஞையைத் தந்தால்தான், குடியிருக்கும் பெருவிழுங்கி சி.எக்ஸ்.சி.எல்.2 என்ற அடுத்த சமிக்ஞையை விடும். அதற்குப் பிறகே நியூட்ரோபில்கள் எம்.எம்.பி.-9 நொதியால் சவ்வை அறுத்து உள்ளே போகும். நியூட்ரோபில் கொட்டும் இரசாயனங்கள் பாக்டீரியாவைப் போலவே சுவரையும் அரிக்கக்கூடியவை. அதனால் இருவர் ஒப்புதல் இல்லாமல் அவற்றை உள்ளே விடுவதில்லை என்று ஏற்பாடு அமைந்திருக்கிறது. ஈ.கோலையும் சும்மா இருப்பதில்லை. பிளவுபடாமல் நீண்ட இழையாக வளர்ந்து, விழுங்க முடியாத நீளத்தில் நின்றுகொள்கிறது.

இவ்வளவு விரைவாக எழும் எதிர்ப்பு நீடித்த நினைவாக மாறாதது ஏன் என்பதே முக்கியமான கேள்வி. தொற்று சிறுநீரகத்தை எட்டினால் இரத்தத்தில் எதிர்ப்புரதங்கள் நன்றாக உருவாகின்றன. சிறுநீர்ப்பையோடு நின்றால் அவ்வளவாக உருவாவதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சோமன் ஆபிரகாம் குழு 2013இல் இதற்கு ஒரு காரணம் கண்டது. முதலில் அழற்சியை மூட்டிவிடும் மாஸ்ட் செல்கள் எனும் தடுப்பணுக்களே சில மணி நேரம் கழித்து இன்டர்லூக்கின்-10ஐச் சுரந்து அதை அடக்குகின்றன. பாக்டீரியாவின் அடையாளத்தை நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோக வேண்டிய டென்ட்ரிட்டிக் செல்களும் சேர்ந்தே அடங்கிவிடுகின்றன. அதே குழு 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே திரளும் டி செல்கள் எனும் தடுப்பணுக்கள் மிச்சப் பாக்டீரியாவைத் துடைப்பதைவிட உதிர்ந்த சுவரைத் திரும்பக் கட்டுவதிலேயே முனைகின்றன. சிறுநீரில் உடல் கழித்த கழிவுகள் உள்ளன. சுவர் திறந்தே கிடந்தால் அவை உடலுக்குள் கசியும். எனவே இதை உடலின் தவறு என்று சொல்வதற்கில்லை. ஓட்டையை முதலில் அடைக்கிறது, பதுங்கிய எதிரியைப் பிறகு பார்க்கிறது. திரும்பத் திரும்ப அவதிப்படும் பெண்கள் கொடுக்கும் விலை அந்த முன்னுரிமைக்கானது.

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சுவர்ச் செல்களின் பிணைப்பும் சிறுபுரதங்களின் சுரப்பும் தளர்கின்றன. யோனியில் ஈஸ்ட்ரோஜன் களிம்பு தடவுவது மறுதொற்றைக் குறைக்கும் என்று 1993இலேயே ஓர் ஆய்வு காட்டியது. நீரிழிவு நோயாளிகளிடமும் இந்தக் காவல் தளர்கிறது.

அழற்சியே கேடாகவும் முடியும். எலிகளில் முதல் தொற்றின்போது அழற்சி எல்லை மீறினால், அடுத்த தொற்றுக்கு அந்தச் சிறுநீர்ப்பை எளிதில் இடம்கொடுக்கிறது. அழற்சியை மட்டும் தணித்தால் போதுமா என்று பார்க்க, ஜெர்மனியில் பெண்களுக்கு ஆன்டிபயாட்டிக்குக்குப் பதில் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை கொடுத்து ஓர் ஆய்வு நடந்து 2015இல் வெளியானது. பலர் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களுக்கு உபாதை கூடுதலாக இருந்தது, சிறுநீரகத் தொற்றும் சற்று அதிகம் நேர்ந்தது. மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து.

தொற்று நீங்கிய பிறகும் எரிச்சல் நீடிப்பதற்கான காரணமும் இப்போது துலங்கி வருகிறது. 2024இல் டியூக் குழுவினர், திரும்பத் திரும்பத் தொற்று கண்ட பெண்களின் சிறுநீர்ப்பைத் திசுவில் உணர்ச்சி நரம்புகள் அளவுக்கு மீறி வளர்ந்திருந்ததைக் கண்டனர். நரம்பை வளர்க்கும் புரதத்தைத் தடுப்பணுக்கள் சுரப்பதும், அந்த நரம்புகள் மாஸ்ட் செல்களைக் கிளறிவிடுவதும் இதன் பின்னணி. எலிகளில் அந்தப் புரதத்தைத் தடுத்தபோது உபாதை குறைந்தது.