டயர் ஏன் கறுப்பு?



சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "சார், எங்க பாட்டி எடுக்கிற பால் வெள்ளையா இருக்கு, டயர் மட்டும் ஏன் சார் கறுப்பா இருக்கு?" என்று கேட்டான். "சாயம் போடுவாங்கப்பா" என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டேன். அது தவறான பதில். பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

1888இல் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார். அக்காலத்து டயர்கள் கறுப்பல்ல, வெளிர் நிறம். துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளைச் சேர்த்து வந்தார்கள். மிச்செலின் விளம்பரத்தில் வரும் டயர் மனிதன் ஏன் வெள்ளையாக இருக்கிறான் என்று இப்போது புரிகிறதா? ஆனால் அந்த டயர்கள் சீக்கிரம் தேய்ந்து போயின.

1904இல் இலண்டன் சில்வர்டவுன் தொழிற்சாலையில் மோட் என்ற இரசாயன அறிஞர் ரப்பரில் நுண்ணிய கரியைக் கலந்து பார்த்தார். ரப்பர் உறுதியாயிற்று. எந்தக் கரி என்கிறீர்களா? விளக்குச் சுடரில் தட்டைக் காட்டினால் படியுமே, நம் பாட்டிமார் கண்மை செய்த கரி, அந்த இனம்தான். அமெரிக்காவில் இயற்கை வாயுவை எரித்து, சுடரை இரும்பில் படவிட்டு, அச்சு மைக்காகச் சுரண்டி எடுத்து வந்தார்கள். பிறகு அது டயருக்குப் போயிற்று.

ரப்பர் என்பது நீண்ட நீண்ட சங்கிலிகள் பின்னிக் கிடப்பது. கரித்துகள் அந்தச் சங்கிலிகளைப் பிடித்துக்கொள்கிறது. துகள் எவ்வளவு சிறிதோ அவ்வளவு பிடிப்பு. இன்றும் டயரின் மேற்பாகத்தில் 100 பங்கு ரப்பருக்குச் சுமார் 50 பங்கு கரி சேர்க்கிறார்கள். மண் சுவருக்கு வைக்கோல் சேர்ப்பதைப் போலத்தான்.

அப்படியானால் கரியையே நாராகச் செய்தால்? 1991இல் ஜப்பானிய அறிஞர் இஜிமா, மின்பொறியில் எரிந்த கரிக்கோலின் படிவில் மிக நுண்ணிய குழல்களைக் கண்டார். கரியணுக்களாலான பாயைச் சுருட்டினாற்போன்ற குழல். தடிப்பு சில நானோமீட்டர்தான். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு.) ரஷ்ய அறிஞர் இருவர் 1952லேயே இத்தகைய குழல்களைப் படமெடுத்து வெளியிட்டிருந்தார்கள். ரஷ்ய மொழியில் இருந்ததால் வெளியுலகம் கவனிக்கவில்லை, பாவம்! 1994இல் கேரளத்தில் பிறந்த அஜயனும் பிரான்சு நாட்டுத் தோழர்களும் இந்தக் குழல்களை எபோக்சிப் பிசினில் கலந்து காட்டினார்கள்.

எடைக்கு எடை பார்த்தால் இக்குழல் எஃகைவிடப் பல மடங்கு வலிது. ஆனால் கலவையில் அந்த வலிமை முழுதும் வருவதில்லை. மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டுகிற மாதிரி குழல்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. மேலும் அவற்றின் மேனி வழவழப்பு. பிளாஸ்டிக்கைச் சரியாகப் பிடிப்பதில்லை. அமிலத்தில் ஊறவைத்து மேனியைச் சொரசொரப்பாக்குகிறார்கள். அதிகமானால் குழலே பழுதாகிவிடும். ஆகவே டென்னிஸ் மட்டை, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் போன்றவற்றில் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள். டயரில் இன்னும் பழைய கரிதான் பெரும்பாலும்.

இன்னொன்றும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். நீளமான குழல்கள் எலியின் உடம்பில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற கெடுதலைச் செய்ததாக 2008இல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. பிளாஸ்டிக்குக்குள் இறுகிவிட்டால் அவ்வளவு பயமில்லை. தூளாக இருக்கும்போதுதான் ஆபத்து. நாளை நம் பிள்ளைகளில் யாராவது அப்படிப்பட்ட தொழிற்சாலையில் தூள் கலக்கும் வேலைக்குப் போனால், முதலில் நல்ல முகமூடி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.