பந்து மறுக்கப்பட்ட சிறுமி

மாலை வேளையில் பிரட்டுக் களத்திலே நம் சிறுவர்கள் டெனிஸ் பந்தும் பலகைத் துடுப்புமாகக் கிரிக்கெட் ஆடுவதை நாம் நாளும் காண்கிறோம். பந்து தேயிலைக்குள் ஓடினால் தேடி எடுத்து வருவது சிறுமியர் வேலை. வீசுவதற்கு மட்டும் அவர்களிடம் அது தரப்படுவதில்லை.

வங்காளத்தின் நதியா மாவட்டத்திலே சக்தகா என்றோர் சிற்றூர். 1982-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் பிறந்த ஜுலன் கோஸ்வாமி அங்கே வளர்ந்தார். மெதுவாக வீசுகிறாள் என்று சொல்லி அயல்வீட்டுப் பையன்கள் அவருக்குப் பந்து தர மறுத்தனராம். 1997 டிசம்பர் 29-இல் கல்கத்தா ஈடன் தோட்ட மைதானத்தில் மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தபோது, எல்லைக்கோட்டருகே பந்து பொறுக்கித் தந்தவர்களில் அவரும் ஒருவர். வென்ற அவுஸ்திரேலியத் தலைவி பெலிண்டா கிளார்க்கைக் கண்ட அன்றே தம் வழி இதுவெனத் துணிந்தார்.

பயிற்சிக்குக் கல்கத்தா செல்ல வேண்டும். அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். நம் தாய்மார் பால் வெட்டுக்கு எழும் வேளையில் அவர் எழுந்து புகைவண்டி ஏறினார். (இரத்தினபுரிக்குப் புகைவண்டி வந்த காலம் மலையேறிவிட்டது, நம் பெண் ஒருத்தி அவ்வாறு புறப்பட வேண்டின் பேருந்துதான் கதி!)

2002 ஜனவரி 6-இல் சென்னையிலே இங்கிலாந்துக்கெதிராக முதலாட்டம். இந்திய மகளிர் கிரிக்கெட் அப்போது ஆடவர் வாரியத்துடன் சேராத தனிச் சங்கத்தின் கையிலிருந்தது. பணமும் இல்லை, பார்ப்போரும் இல்லை. 2006-இல்தான் இரண்டும் இணைந்தன. அவ்வாண்டே டோன்ரன் டெஸ்ட் ஆட்டத்தில் 78 ஓட்டங்களுக்குப் பத்து விக்கெட்டுகளை வீழ்த்தி, இங்கிலாந்து மண்ணில் இந்திய மகளிரின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றிக்கு வழிகோலினார். 2017 மே மாதம் கத்தரின் ஃபிட்ஸ்பற்றிக்கின் 180 விக்கெட் சாதனையும் பின்தங்கியது.

ஆனால் அதே ஆண்டு ஜூலையில் லோர்ட்ஸில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தை எண்ணினால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. பத்து ஓவர்களில் 23 ஓட்டங்களே கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார் ஜுலன். வெற்றி இலக்கு 229. மூன்று விக்கெட்டுக்கு 191 என்றிருந்த இந்தியா, எஞ்சிய ஏழையும் 28 ஓட்டங்களுக்குள் பறிகொடுத்தது. ஜுலனும் ஓட்டமின்றி வெளியேறினார். தோல்வி ஒன்பது ஓட்டங்களால்! 2005 இறுதியிலும் தோற்ற அணியில் அவர் இருந்தார்.

2022 செப்டெம்பர் 24-இல் அதே லோர்ட்ஸில் விடைபெற்றபோது ஒருநாள் ஆட்ட விக்கெட்டுகள் 255. அதுவரை எம்மங்கையும் எட்டாத எண். உலகக் கிண்ணம் மட்டும் கைக்கு வரவில்லை. ஒரு காலத்தில் பந்து பொறுக்கிய ஈடன் மைதானத்திலே 2025 ஜனவரியில் பார்வையாளர் மாடமொன்று அவர் பெயரைப் பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 2-இல் நவி மும்பையில் தென்னாபிரிக்காவை வென்ற இந்திய மங்கையர், கிண்ணத்தைக் கொண்டுவந்து தம் மூத்தாள் கையில் கொடுத்தனர். ஜுலன் அழுதார்.