விண்ணொலியும் மண்ணொலியும்

வானொலிப் பெட்டியின் முள்ளை இரவு வேளையிலே சிற்றலைப் பகுதியில் மெல்லத் திருப்பிய எவரும், ஒரு நிலையத்தின் குரலோடு மற்றொன்றின் குரலும் இடியின் இரைச்சலும் கலந்து வருவதைக் கேட்டிருப்பர். வேண்டிய குரலைப் பிரித்தறிவது அங்கே சிறு தொல்லை. வேற்றுலகத்து அறிவுயிர்களின் செய்தியைத் தேடிய விஞ்ஞானிகளுக்கோ அதுவே தலையாய சோதனையாயிற்று.

எந்த அலையிலே செவிசாய்ப்பது என்ற வினாவுக்கு விடை பகர்ந்தவர்கள் ஜூசெப்பே கொக்கோனி, பிலிப் மொறிசன் என்னும் பௌதிக அறிஞர் இருவர். அண்டமெங்கும் பரந்துள்ள ஐதரசன் வாயு, 21 சென்றிமீற்றர் அலைநீளத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 142 கோடி அதிர்வுகளில், இயல்பாகவே வானொலி அலைகளை வெளிவிடுகின்றது. வானியல் கற்ற எவ்வுலகத்தாரும் இதனை அறிந்திருப்பராதலின், அவர்கள் செய்தி அனுப்பினால் அந்த அலையின் அருகிலேயே அனுப்புவர் என்று 1959 செப்டெம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் அவ்விருவரும் எழுதினர்.

அக்கட்டுரை வெளிவருமுன்னரே, அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில், மலைகள் சூழ்ந்த கிறீன் பாங்க் என்னும் சிற்றூரிலே, பிராங் டிறேக் என்ற இளம் வானியலாளர் அதே அலையிற் கேட்பதற்குக் கருவிகளை அமைக்கத் தொடங்கியிருந்தார். 85 அடி விட்டமுள்ள வானொலித் தொலைநோக்கியொன்று அவருக்குக் கிடைத்தது. சிறுவர் கதைகளில் வரும் ஒஸ் நாட்டு இளவரசியின் பெயரால் இம்முயற்சி 'ஒஸ்மா' எனப்பட்டது. அவருக்கு அப்போது வயது 29.

1960 ஏப்ரல் 8ஆம் நாள் தொலைநோக்கி முதலில் டௌ செற்றி என்னும் நட்சத்திரத்தை நோக்கிற்று. அது சூரியனை ஒத்தது. ஏறத்தாழ 12 ஒளியாண்டுத் தூரத்திலுள்ளது. அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. பின்னர் எப்சிலன் எரிடானியை நோக்கித் திருப்பினர். சில நிமிடங்களுக்குள் பதிகருவியின் எழுதுகோல் துள்ளி எல்லையில் மோதிற்று, ஒலிபெருக்கி அதிர்ந்தது. விநாடிக்கு எட்டு முறை, தாளந் தவறாத துடிப்புகள்! முதல் நாளிலேயே இத்தனை எளிதாகவா?

தொலைநோக்கியை நட்சத்திரத்தினின்று சற்றே விலக்கினர்; ஒலி நின்றது. மீண்டும் திருப்பினர், ஒலி வரவில்லை. இதிலிருந்து ஒன்றையும் துணிதற்கில்லை. நட்சத்திரத்தை விட்டு விலகியதால் ஒலி நின்றிருக்கலாம். தற்செயலாக அதே கணத்தில் தானே ஓய்ந்துமிருக்கலாம். அன்றே உலகிற்குப் பறைசாற்றியிருந்தால் டிறேக்கின் பெயர் மறுநாட் பத்திரிகைகளையெல்லாம் நிறைத்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. மாறாக, சன்னலுக்கு வெளியே கொம்பு வடிவான சிறிய அன்ரெனா ஒன்றைப் பொருத்தினார். நட்சத்திரத்தினின்று வரும் மெல்லிய ஒலி அதற்கு எட்டாது. அண்மையில் எழும் வலிய ஒலியே எட்டும். ஒஸ்மாவின் மிகச் சிறந்த கருவி அந்தச் சிறு கொம்புதான் என்றாலும் மிகையாகாது.

ஏறத்தாழப் பத்து நாட்களின் பின் அதே துடிப்பு மீண்டும் எழுந்தது. பெரிய தொலைநோக்கி கேட்டதைச் சிறு கொம்பும் கேட்டது. எனவே அது விண்ணொலியன்று. மிக உயரத்திற் பறந்த ஆகாய விமானமொன்றின் ஒலியாதல் கூடும். ஜூலை வரை ஏறத்தாழ 150 மணிநேரம் கேட்டும் வேற்றுலகக் குரல் எதுவும் கிடைக்கவில்லை.

1967இல் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜில் ஜொஸ்லின் பெல் என்னும் ஆராய்ச்சி மாணவி கண்ட துடிப்போ வேறு வகையானது. 1.33 விநாடிக்கொருமுறை எழுந்த அது, நட்சத்திரங்களோடு கூடவே வானில் நகர்ந்தது, ஆதலின் மண்ணொலியன்று. 'சிறு பச்சை மனிதர்' என்று வேடிக்கையாக அதற்குப் பெயரிட்டனர். ஆயின் வானின் வேறொரு திசையிலும் அத்தகைய துடிப்பு அகப்பட்டபோது, இயற்கையின் புதுமையொன்றே அங்கு வெளிப்பட்டதென்பது தெளிவாயிற்று. சுழலும் அவ்விண்மீன்களுக்குப் 'பல்சார்' என்று பெயர்.

1977 ஆகஸ்ட் 15ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துத் தொலைநோக்கியொன்று, ஐதரசன் அலைக்கு மிக அண்மையில், 72 விநாடி நேரம் வலியதோர் ஒலியைப் பதிந்தது. சில நாட்களின் பின் பதிவுத்தாளைப் பார்த்த ஜெரி எமன், அதன் ஓரத்திற் சிவப்பு மையினால் வியப்புச் சொல் ஒன்றை எழுதினார். அத்தொலைநோக்கியில் இரு கொம்புகள் இருந்தன. சில நிமிட இடைவெளியில் இரண்டும் வானின் அதே இடத்தைக் கடந்தன. ஒரு கொம்பு கேட்டதை மற்றது கேட்கவில்லை. அதன்பின் அவ்விடத்தைப் பலமுறை நோக்கியும் அந்த ஒலி திரும்ப வரவில்லை.