இராணுவ உபரிச் சுழல்துப்பாக்கிகள்: அருகிவரும் இருப்பும் உயரும் விலையும்

இராணுவ உபரிச் சுழல்துப்பாக்கி என்பது, ஒரு நாட்டின் படைப்பிரிவுகளுக்காகத் தயாரிக்கப்பட்டு, பின்னர் தேவைக்கு மிஞ்சியதாகவோ காலங்கடந்ததாகவோ கருதப்பட்டுப் பணியிலிருந்து விலக்கப்பட்ட ரிவால்வர் ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலகச் சந்தையில் இவை மலிவாகக் கிடைத்தன. இன்று இவை சேகரிப்பாளர்கள் தேடியலையும் அரும்பொருள்களாகிவிட்டன. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே இராணுவ ரிவால்வர்கள் பொதுச் சந்தைக்கு முறையாக வரவே இல்லை. அதற்கான காரணங்கள் ஆங்கிலேயர் ஆட்சிக்கால வரலாற்றிலும், விடுதலைக்குப் பிந்தைய சட்டங்களிலும் உள்ளன.

இந்தியாவில் புழங்கிய இராணுவ ரிவால்வர்கள்

ஆங்கிலேயப் படையில் நெடுங்காலம் பயன்பட்டது பர்மிங்காம் நகரில் தயாரான வெப்ளி ரிவால்வர். இதன் முதல் வகை 1887இல் படையில் ஏற்கப்பட்டது. குழல்விட்டம் .455 அங்குலம். பூவர் போர்க்காலத்தில் 1899இல் நான்காம் வகையும், முதல் உலகப் போரின்போது 1915இல் ஆறாம் வகையும் வந்தன. ஆறு தோட்டாக்கள் கொண்ட ஆறாம் வகையின் எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம். நடுவில் மடித்தால் பின்பகுதி திறந்து, காலித் தோட்டாக்கள் தாமாக வெளியே தள்ளப்படும். குதிரை மீதிருந்தும் விரைவாகத் தோட்டா நிரப்ப இது வசதியாக இருந்தது.

அக்கால ஆங்கிலேய அதிகாரிகள் பலரும் தம் ரிவால்வரைச் சொந்தப் பணத்தில் வாங்கினர். அரசு வழங்கும் தோட்டாவைச் சுடக்கூடியதாக இருந்தால் போதும். சிப்பாய்களுக்குக் கிடைத்தது நீள்துப்பாக்கி மட்டுமே. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற, படைவீரர்களுக்குப் பேர்போன ஊர்களின் பழைய வீடுகளில் பதக்கங்களும் சீருடைப் படங்களும் காணப்படுவதும், ரிவால்வர் காணப்படாததும் இதனால்தான்.

முதல் உலகப் போருக்குப் பின், எளிதில் பயிற்சி தரக்கூடிய சிறிய ஆயுதம் தேவை என்று ஆங்கிலேய அரசு கருதியது. 1932இல் .38 அங்குல என்பீல்டு இரண்டாம் எண் ரிவால்வர் ஏற்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் தட்டுப்பாடு ஏற்பட்டதால் வெப்ளி நிறுவனத்தின் .38 ரிவால்வரும், அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெசன் நிறுவனத்தின் 'விக்டரி' வகையும் வாங்கப்பட்டன. விக்டரி வகையில் மட்டும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை பிரிட்டனுக்கும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் வந்தன. இந்தியக் காவல்துறை அதிகாரிகளின் இடுப்பில் விடுதலைக்குப் பிறகும் பல்லாண்டுகள் தொங்கியது .38 ரிவால்வரே.

உலகச் சந்தையில் மலிவும் அருமையும்

போர் முடிந்தபின் ஐரோப்பிய நாடுகளிடம் ஆயுதங்கள் மலைபோல் குவிந்திருந்தன. அவற்றை எடைக்கு எடை போலக் குறைந்த விலையில் வாங்கிய வணிகர்கள், பெரும்பாலும் அமெரிக்காவில் விற்றனர். அந்த மலிவே பிற்காலத் தட்டுப்பாட்டுக்கு விதையிட்டது எனலாம். அமெரிக்காவில் .455 தோட்டா எளிதில் கிடைக்கவில்லை. எனவே அங்குப் பரவலாகக் கிடைத்த .45 தோட்டாவைப் பயன்படுத்துவதற்காக, ஏராளமான வெப்ளி ரிவால்வர்களின் உருளையைப் பின்புறம் சீவிவிட்டார்கள். மலிவான பொருள்தானே என்று அன்று செய்த மாற்றம், மாற்றப்படாத ரிவால்வர்களை இன்று அரிதாக்கிவிட்டது. சீவப்படாத உருளை உள்ளதற்கு ஒரு விலை, சீவப்பட்டதற்கு வேறு விலை.

என்பீல்டு ரிவால்வரின் கதையும் இது போன்றதே. பீரங்கி வண்டி வீரர்களின் உடையிலும் வண்டியின் உட்பகுதியிலும் சிக்காமலிருக்க, 1938 முதல் சுத்தியல் முனை நீக்கப்பட்ட வகை தயாரானது. முன்பு தயாரானவற்றிலும் பல பழுதுபார்ப்புக்கு வந்தபோது அவ்வாறே மாற்றப்பட்டன. ஆகவே சுத்தியல் முனையுடன் தப்பிப் பிழைத்தவை குறைவு.

இவற்றோடு சட்டங்களும் சேர்ந்தன. அமெரிக்கா 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் இராணுவ உபரி ஆயுதங்களின் இறக்குமதியைத் தடை செய்தது. 1984இல் ஐம்பது ஆண்டு கடந்த அரும்பொருள் வகைகளுக்கு மட்டும் வழி திறந்தது. பிரிட்டனில் 1996 மார்ச் 13 அன்று டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதன் விளைவாக 1997இல் பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டுப் பொதுமக்களிடமிருந்து திரும்பப் பெறப்பட்டன. உபரிச் சிற்றாயுதங்களை விற்பதைவிட அழிப்பதே மேல் என்ற கருத்து, 2001இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற சிற்றாயுதச் செயல்திட்டத்தால் மேலும் வலுப்பெற்றது. கிடங்கில் மிஞ்சியவை சந்தைக்குச் செல்லாமல் உலைக்குச் செல்லத் தொடங்கின.

இரசியாவின் ஏழு தோட்டா நாகாந்து ரிவால்வர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1895இல் ஏற்கப்பட்ட இது, சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் பெருமளவில் அமெரிக்காவுக்கு வந்தது. அங்கு நூறு டாலருக்கும் குறைவாக விற்ற காலம் ஒன்று இருந்தது. கிடங்குகள் தீர்ந்தன, 2014க்குப் பிந்தைய தடைகளும் 2021இல் இரசியத் துப்பாக்கிகளுக்கு அமெரிக்கா விதித்த இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்தன. விலை பல மடங்கு ஏறிவிட்டது. உற்பத்தி நின்றுபோன பொருளுக்கு வரத்து ஒருநாள் நிற்கும் என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

இந்தியச் சட்டங்களும் குழல்விட்டமும்

1857 எழுச்சியின் நினைவு நீங்காத ஆங்கிலேய அரசு, லிட்டன் பிரபு ஆட்சியில் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. ஆயுதம் கிடைக்காத நிலையில் விடுதலைப் போராளிகள் மறைமுக வழிகளை நாடினர். 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடர்வண்டிச் சந்திப்பில் ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் கைத்துப்பாக்கியால். 1914 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவில் ரோடா நிறுவனத்தின் 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் ஏறத்தாழ 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் கைப்பற்றினர். இவற்றுக்குப் பின் அரசின் கண்காணிப்பு இன்னும் இறுகியது.

விடுதலைக்குப் பிறகு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இனப் பாகுபாடு நீங்கியது. ஆனால் 1962ஆம் ஆண்டு விதிகள் ஒரு முக்கியமான கோட்டைக் கிழித்தன. .380, .455 ஆகிய இராணுவத் தோட்டாக்களையும் பணிவகை 9 மி.மீ. தோட்டாவையும் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் 'தடை செய்யப்பட்ட குழல்விட்டம்' என்ற வகையில் சேர்க்கப்பட்டன. படைக் கிடங்கிலிருந்து திருடப்படும் தோட்டா வெளியே பயன்படக் கூடாது என்பது இதன் உட்கருத்து. இவ்வகைக்கு மாவட்ட ஆட்சியர் உரிமம் வழங்க முடியாது. நடுவண் அரசின் ஒப்புதல் தேவை. இதனால் வெப்ளி ஆறாம் வகையும் என்பீல்டு இரண்டாம் எண்ணும் இந்தியச் சேகரிப்பாளரின் எட்டாக் கனிகளாயின.

உரிமம் பெறக்கூடியவர்களின் நாட்டம் .32 அங்குல ரிவால்வர் மீது திரும்பியது. 1980களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி, விளையாட்டு வீரர்கள் போன்ற சில விலக்குகள் தவிர, நிறுத்தப்பட்டது. அதற்குமுன் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டு ரிவால்வர்களின் எண்ணிக்கை அத்தோடு உறைந்துவிட்டது. தேய்ந்தவை, காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டவை என ஆண்டுதோறும் அது குறைந்தும் வருகிறது. வெளிநாட்டில் சாதாரண விலைக்குப் போகும் பழைய .32 வெப்ளிக்கு இந்தியாவில் இலட்சக் கணக்கில் கேட்கப்படுவதன் காரணம் அதன் தரம் மட்டுமன்று. இந்தப் பூட்டிய கதவே முதன்மைக் காரணம்.

கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை தயாரிக்கும் .32 ரிவால்வர், பழைய வெப்ளி .38 வடிவத்தைப் பின்பற்றியதே. 2014இல் பெண்களுக்கென 'நிர்பீக்' என்ற அரைக்கிலோ எடையுள்ள ரிவால்வர் ஏறத்தாழ 1.22 இலட்சம் ரூபாய்க்கு வந்தது. வெப்ளி நிறுவனமே 2020இல் உத்தரப்பிரதேசத்தின் சண்டீலாவில் இந்தியக் கூட்டாளியுடன் .32 ரிவால்வர் தயாரிப்பில் இறங்கியது. கைத்துப்பாக்கிகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காடாக இருந்து, 2025இல் 40 ஆக உயர்ந்தது.

இந்தியாவில் உபரி ஆயுதங்கள் வெளிவந்த குறுகிய வாயில்களும் சில உண்டு. சுங்கத்துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உள்ளிட்டோருக்கு விற்கப்பட்டன. பணிவகை சாராத ஆயுதங்கள் படை அதிகாரிகளுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றைச் சிலர் வெளியாருக்கு விற்றதாகப் புகார் எழுந்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

மரபுப் பொருளா, ஆயுதமா?

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கூடுதலாக உள்ளதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றது. தடை செய்யப்பட்ட வகையை உரிமமின்றி வைத்திருப்பதற்கு 7 முதல் 14 ஆண்டு வரை சிறை உண்டு. தாத்தாவின் துப்பாக்கியை என்ன செய்வது என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்தது இதனால்தான்.

சட்டம் ஒரு வழியையும் விட்டுவைத்துள்ளது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையிலுள்ள தொன்மை ஆயுதங்களுக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அது எந்த நிலையில் உள்ளது என்பதை வைத்திருப்பவர் தாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. காவல்துறையிடம் தெரிவித்து எழுத்துமூலம் பெறுவதே பாதுகாப்பு. நூறாண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. முதல் உலகப் போர்க்கால வெப்ளிகள் இப்போது அந்த வயதைக் கடந்துவிட்டன.

இங்கு இழப்பு விலையில் மட்டும் இல்லை. ஒரு ரிவால்வரின் உடலில் அதன் வரலாறு பொறிக்கப்பட்டிருக்கும். அகன்ற அம்புக்குறி அரசுடைமையைக் குறிக்கும். அதனுடன் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசுடைமை. இரண்டு அம்புகள் முனையோடு முனை சேர்ந்திருந்தால் பணியிலிருந்து விலக்கி விற்கப்பட்டது என்று பொருள். வரிசை எண்ணும் ஆண்டும் பெரும்பாலும் இருக்கும். எந்தக் குறிப்பும் எடுக்காமல் ஒப்படைத்து அழிக்கப்படும்போது, இந்தச் செய்திகளும் உருகிப்போகின்றன. ஒப்படைக்குமுன் எண்ணையும் குறிகளையும் எழுதிவைத்து, ஒளிப்படம் எடுத்து, அதை வைத்திருந்தவரின் பணிக்குறிப்புகளோடு சேர்த்துப் பாதுகாக்கலாம். ஆயுதம் போனாலும் ஆவணம் நிற்கும்.

காணக்கூடிய இடங்கள்

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் பழங்கால ஆயுதங்கள் காட்சிக்கு உள்ளன. எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021 செப்டம்பர் 28 அன்று திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்தில் காவல்துறையின் துப்பாக்கிகளைக் காணலாம். கோயம்புத்தூரிலும் ஒரு காவல் அருங்காட்சியகம் உள்ளது. தனியார் சேகரிப்பு ஏறத்தாழ இயலாத ஒரு நாட்டில், இந்த அருங்காட்சியகங்களே மாணவர்களுக்கான சேகரிப்பு. டன்பிளேன் போன்ற நிகழ்வுகளை எண்ணும்போது, இந்த ஆயுதங்கள் வீட்டு அலமாரிகளில் இருப்பதைவிடக் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருப்பதே நல்லது என்பதையும் மறுக்க முடியாது.