பார்க்ஃபீல்டு நிலநடுக்க முன்கணிப்பு
பார்க்ஃபீல்டு, கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவின் மீதுள்ள சிற்றூர். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் இங்கு ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. சராசரி இடைவெளி சுமார் 22 ஆண்டுகள். பிளவின் ஒரே பகுதி ஒரே விதமாக மீண்டும் மீண்டும் முறிவதாகக் கருதிய அறிவியலாளர்கள், அடுத்த நிலநடுக்கம் 1993-க்குள் நிகழ 95 விழுக்காடு வாய்ப்புள்ளதாக 1985-இல் கணித்தனர். அதை எதிர்நோக்கிப் பல கருவிகள் நிறுவப்பட்டன.

அது 2004 செப்டம்பர் 28 அன்றுதான் நிகழ்ந்தது. இடமும் அளவும் பொருந்தின, காலம் பொருந்தவில்லை. 1934, 1966 ஆகிய ஆண்டுகளில் தென்கிழக்கு நோக்கிப் பரவிய முறிவு, இம்முறை வடமேற்கு நோக்கிப் பரவியது. முறிவு பரவும் திசையிலுள்ள இடங்களில் அதிர்வு பொதுவாக மிகும் என்பதால், இவ்வேறுபாடு கட்டடப் பாதுகாப்புக்கு முக்கியமானது. ஒரே பிளவுப்பகுதிக்கும் பலவகை முறிவுகளைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதைப் பார்க்ஃபீல்டு உணர்த்தியது.