மௌலிவாக்கமும் சாய்ந்த சுவரின் சட்டமும்

2014 ஜூன் 28, சனிக்கிழமை. ஷஅபான் மாதத்தின் இறுதி நாட்கள். ரமலான் பிறையை எதிர்நோக்கி நம் இல்லங்கள் காத்திருந்தன. அன்று மாலை, மழை பெய்துகொண்டிருந்த வேளையில், அப்போது ஸ்ரீபெரும்புதூர் வட்டத்திற்குட்பட்டிருந்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று அடியோடு சரிந்தது. ஏறத்தாழ ஒரு வாரம் இடிபாடுகள் அகற்றப்பட்டன. அறுபத்தொருவர் மாண்டனர், இருபத்தேழு பேர் உயிருடன் மீட்கப்பட்டனர். மாண்டவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளர்கள்.

மின்னல் தாக்கியதே காரணம் என்ற பேச்சும் அன்று எழுந்தது. இத்தகைய பேச்சு நம்மிடையே எளிதில் எடுபடும். ‘விதி’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறதல்லவா! ஆனால் ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். ரகுபதி தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் வானத்தைக் குற்றம் சாட்டவில்லை. கட்டமைப்பு வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த குறைகளையே சுட்டியது.

இதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். தரைத்தளத் தூண் தன் மேலுள்ள அத்தனை தளங்களின் பாரத்தையும் சுமக்கிறது. அதன் அளவு போதாமலிருந்தாலோ, கான்கிரீட் நலிந்திருந்தாலோ, அடிமண் தாங்கும் திறன் கணக்கிடப்படாமலிருந்தாலோ, தளம் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. ஒரு தூண் நொறுங்கினால் அதன் சுமை பக்கத்துத் தூண்களுக்குப் போகும். அவையும் தாங்காமற்போனால் கட்டடம் முழுவதும் சரியும். மழை வந்தது அன்று மாலைதான். ஆபத்து வரைபடத்திலிருந்தே உடனிருந்தது.

நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘சாய்ந்த சுவர்’ என்ற தலைப்பில் விவாதித்துள்ளனர். ஹனஃபி சட்டத்தைத் தழுவி உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லாவின் 928ஆம் பிரிவு கூறுவதன் சாரம் இது: சாய்ந்து நிற்கும் சுவரை இடிக்குமாறு உரிமையாளர் எச்சரிக்கப்பட்டு, இடிப்பதற்குப் போதிய அவகாசமும் இருந்து, அவர் வாளாவிருந்தால், அது விழுந்து ஏற்படும் இழப்புக்கு அவரே பொறுப்பு. ஷாஃபிஈ மத்ஹபு வேறொரு கோணத்தில் நோக்குகிறது. நேராகக் கட்டிய சுவர் பின்னர் தானாகச் சாய்ந்து விழுந்தால் ஈடு இல்லை. தொடக்கத்திலேயே வீதியை நோக்கிச் சாய்வாகக் கட்டியிருந்தால் ஈடு உண்டு. அதற்கு எவரும் எச்சரித்திருக்க வேண்டியதில்லை.

மௌலிவாக்கம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பது என் கருத்து. கண்ணுக்கு அது நேராகவே நின்றது, கணக்கில்தான் சாய்ந்திருந்தது.

கட்டடத் தொழிலாளர்களுக்கென 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 2025 வரை இருந்தது. ஐந்நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது அது. ஒரகடத்தில் எழுந்த பெரிய ஆலைகளுக்கு அது பொருந்தியது. நம் மஹல்லாவில் கொத்தனார் ஒருவரையும் சித்தாள் நால்வரையும் வைத்து, ஒரு தளத்துக்கு இட்ட அஸ்திவாரத்தின் மேல் மூன்றாம் தளம் எழுப்புகிறோமே, அங்கே எந்தக் குழு வரும்? பொறியாளரின் கட்டணத்தை மிச்சப்படுத்தியதைப் பெருமையாகச் சொல்லும் வீட்டுக்காரர்களை நானே கண்டிருக்கிறேன்.

மௌலிவாக்கத்தில் சரிந்த கட்டடத்தின் அருகே, அதன் இணையாக எழுந்த மற்றொரு கட்டடமும் இருந்தது. அது விழவில்லை. ஆயினும் பாதுகாப்பற்றது என்று கண்டு, நீதிமன்ற வழக்குகள் முடிந்தபின், 2016 நவம்பர் 2 அன்று, அக்கம்பக்கத்தாரை அப்புறப்படுத்திவிட்டு வெடிவைத்துத் தகர்த்தனர். சில நொடிகளில் அது தரைமட்டமானது. உள்ளே ஒருவரும் இல்லை.