இருதிரைக் கார்ப் பந்தயம்

ஒரே கணினியில் இரண்டு மொனிட்டர்களை இணைத்து, ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடி இருவர் ஒரே பந்தயத்தில் ஓடும் விளையாட்டு முறை இருதிரைக் கார்ப் பந்தயம் எனப்படும். இதற்கு இணையமும் வேண்டாம், இரண்டாவது கணினியும் வேண்டாம். வசதி இல்லாதவர்களின் தற்காலிக ஏற்பாடு என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். ஆனால் இருவர் மோதும் பந்தயத்தில் செலவையும் நியாயத்தையும் சேர்த்து எடைபோட்டால், முதலில் நாட வேண்டிய முறை இதுதான். இலங்கையில் தம்பிலுவில் முதல் கல்முனை வரையான கிழக்குக் கரை ஊர்களைப் போலத் தலைநகருக்கு எட்ட இருக்கும் இடங்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

வரலாறு

1984இல் எபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பிட்ஸ்டாப் 2, திரையை மேல் கீழாகப் பிரித்து இருவரை ஓடவிட்டது. 1987இல் நாம்கோவின் ஃபைனல் லாப், விளையாட்டுக்கூட இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைத்து, எட்டுப் பேர் வரை தத்தம் திரையில் மோத வழி செய்தது. 1992இல் வந்த சூப்பர் மரியோ கார்ட் பிளவுத்திரையை வீடுகளுக்குள் பரப்பியது. ஒரு திரையைப் பங்கிடுவது மலிவு; ஆளுக்கொரு இயந்திரம் வைப்பது செலவு. வின்டோஸ் 98 ஒரே கணினியில் பல மொனிட்டர்களை இயக்க இடம் கொடுத்தபோது இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி திறந்தது. விளையாட்டு நிறுவனங்கள் அதில் பெரிதாக நடக்கவில்லை. அதற்கு முன்பே, 1997இல், நீட் ஃபார் ஸ்பீட் 2இன் சிறப்புப் பதிப்பில் கணினிக்கும் பிளவுத்திரை இருந்தது. அதே வரிசையில் 2005இல் வந்த மோஸ்ட் வோன்டட் விளையாட்டிலோ கன்சோல்களுக்கு இருந்த பிளவுத்திரை கணினிப் பதிப்பில் இல்லை. கணினிக்கு முன்னால் ஒருவர்தான் உட்காருவார் என்ற எண்ணம் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

நியாயமும் செயல்முறையும்

பிளவுத்திரையில் திரையை மேல் கீழாக வெட்டினால் பார்வையின் உயரம் குறையும். இடம் வலமாக வெட்டினால் வளைவும் பக்கத்தில் முந்தும் காரும் மறையும். எதிராளியின் பாதியும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இணையவழிப் பந்தயத்தில் வேறு குறை உண்டு. பல விளையாட்டுகளில் தகவல் சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள சேவையகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்த இடைவெளியில் எதிராளியின் கார் எங்கே இருக்கும் என்பதைக் கணினி ஊகித்தே காட்டுகிறது. நூலிழையில் முடியும் பந்தயத்தில் இருவரின் திரையும் இருவேறு முடிவைக் காட்டக்கூடும். ஒரே கணினியில் பிளவுத்திரைப் பந்தயத்தை இரு மொனிட்டருக்கு விரித்தால் கணக்கு ஒன்றே நடக்கிறது. வெற்றி தோல்வியில் தர்க்கத்துக்கு இடமில்லை.

இடம் வலமாகப் பிரியும் பிளவுத்திரை உள்ள விளையாட்டை, ஒரே அளவுள்ள இரு 1080p மொனிட்டர்களிலும் 3840×1080 அளவில் ஒரே சாளரமாக விரித்தால், பிளவுக்கோடு சரியாக இரண்டும் சேரும் இடத்தில் விழும். மேல் கீழாக மட்டுமே பிரியும் விளையாட்டென்றால், வின்டோஸ் அமைப்பில் மொனிட்டர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி 1920×2160 ஆக்கலாம். மேசையில் அவை பக்கம் பக்கமாகவே இருக்கலாம். பிளவுத்திரையே இல்லாத சில விளையாட்டுகளை நியூக்ளியஸ் கோ-ஆப் என்ற இலவச மென்பொருள் இரு பிரதிகளாகத் திறந்து, ஒவ்வொரு கேம்பேடையும் அதனதன் பிரதியோடு இணைக்கும். ஒரே கீபோர்ட்டில் இருவர் பல விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில பதிவாகாமல் போகும் என்பதால் கேம்பேட் அவசியம். பணம் கொடுக்காமல் தொடங்க விரும்புவோருக்கு சூப்பர்டக்ஸ்கார்ட் உண்டு. அதில் பிளவுத்திரை இயல்பாகவே இருக்கிறது.

மறுப்புகள்

கணினி இதைத் தாங்காது என்பது முதல் மறுப்பு. ஒரு 1080p திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள்; இரண்டில் 41.5 இலட்சம், ஒரு 4கே திரையிலோ 82.9 இலட்சம். ஆக, வரைய வேண்டிய புள்ளிகள் ஒரு 4கே திரையின் பாதிதான். காட்சியை இருமுறை தயாரிக்கும் சுமை உண்மையே. நிழலையும் பிரதிபலிப்பையும் குறைத்தால் அது ஓரளவு தணியும். இரு பிரதிகள் ஓடும் முறையில் நினைவகமும் கூடுதலாகத் தேவைப்படும். அதற்குப் பழைய விளையாட்டுகளே ஏற்றவை. கையில் ஃபோன் இருக்க ஒரே அறையில் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. கண்ணகி வழிபாட்டோடு வளர்ந்த கொம்புமுறி விளையாட்டில் வடசேரியார், தென்சேரியார் என்ற இரு அணியினரும் ஒரே வெளியில் நேருக்கு நேர் நின்றே மோதினார்கள். எதிராளி கண்முன் இருப்பது போட்டியின் பாதி உயிர். பெரிய சுற்றுப்போட்டிகளுக்கு ஆளுக்கொரு கணினி வேண்டும் என்பது மூன்றாவது. இருவருக்கு மேற்பட்டோர் மோதும் இடத்தில் அது சரி. இருவருக்கு அது வீண்செலவு.

விளையாட்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு மொனிட்டரைத் தெரிவுசெய்யும் வசதியைக் கணினிப் பதிப்புகளில் சேர்க்க வேண்டும். இளைஞர் கழகங்களும் வீட்டாரும் இரண்டாவது கணினிக்குப் பணம் சேர்க்கும் முன், மூலையில் கிடக்கும் பழைய மொனிட்டர் ஒன்றை இணைத்துப் பார்க்கட்டும்.